ஹஸார்டு பெர்செப்ஷனில் 44 எடுப்பது எப்படி: பழைய டிரைவர்களுக்கும் புதியவர்களுக்கும்

பிரிட்டனில் லைசென்ஸ் எடுக்கப்போகிற நம் ஆட்களில் பலர், தியரி டெஸ்ட் என்றால் ஹைவே கோட் என்கிற சாலை விதிப் புத்தகத்தை உருப்போட்டுவிட்டுப் போவதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்வி பதில் பகுதிக்கு அது சரி, 50 கேள்விக்கு 43 சரியாக எழுதினால் போதும். ஆனால் அதே நாளில், அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அடுத்ததாக 14 வீடியோ கிளிப் வரும். சாலையில் வரப்போகிற ஆபத்தைக் கவனித்து உடனே மவுஸை அழுத்த வேண்டிய இந்தப் பகுதிக்குத்தான் ஹஸார்டு பெர்செப்ஷன் என்று பெயர். அதில் தேறவில்லை என்றால் முதல் பகுதியில் 50-க்கு 50 எடுத்திருந்தாலும் மொத்தமும் ஃபெயில்தான், இரண்டையும் மறுபடி எழுத வேண்டும்.

நான் மதுரையில் 12 வருடம் கார் ஓட்டியவன். இங்கே குடிவந்த முதல் 12 மாதம் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம், அதற்குப் பிறகு ப்ரொவிஷனல் என்கிற பழகுநர் லைசென்ஸ் எடுத்து தியரி, ப்ராக்டிகல் இரண்டையும் முடித்தே ஆக வேண்டும். இலங்கை லைசென்ஸுக்கும் இதே விதிதான். லைசென்ஸை அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்று இவர்கள் வைத்திருக்கிற நாடுகளின் பட்டியலில் இரண்டு நாடுமே இல்லை. முதல் முறை போனபோது கேள்விகளில் 47, கிளிப்புகளில் 39. கிளிப்புகளில் தேற 75-க்கு 44 வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை, சாலையில் எனக்குத் தெரியாத ஆபத்தா? அப்புறம் இரண்டு வாரம் பயிற்சி கிளிப்புகளைப் போட்டுப் போட்டுப் பார்த்ததில்தான் எங்கே கோட்டை விட்டேன் என்று பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பது. ஒவ்வொரு கிளிப்பும் ஏறக்குறைய ஒரு நிமிடம், ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பது மாதிரி. 13 கிளிப்பில் கிளிப்புக்கு ஒரு ஆபத்து, ஒரே ஒரு கிளிப்பில் மட்டும் இரண்டு. எந்தக் கிளிப்பில் இரண்டு என்று சொல்ல மாட்டார்கள், அதனால் ஒன்று வந்து போய்விட்டது என்று கையை எடுத்துவிடக் கூடாது. ஆக மொத்தம் 15 ஆபத்து, ஒவ்வொன்றுக்கும் 5 வரை, முழு மதிப்பெண் 75. ஆபத்து உருவாக ஆரம்பிக்கிற கணத்தில் ஒரு ஜன்னல் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவுடன் க்ளிக் செய்தால் 5, கொஞ்சம் தாமதித்தால் 4, அப்புறம் 3, 2, 1, ஜன்னல் மூடிவிட்டால் பூஜ்யம். திறப்பதற்கு முன்னால் செய்த க்ளிக்குக்கும் ஒன்றும் கிடையாது. தேவையில்லாத இடத்தில் க்ளிக் செய்தால் மதிப்பெண் குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறையாது. ஆனால் மவுஸைத் தட்டிக்கொண்டே இருந்தாலோ, கடிகாரம் மாதிரி சீரான இடைவெளியில் அழுத்தினாலோ கணினி அதைக் கண்டுபிடித்து அந்தக் கிளிப்புக்கு மொத்தமாகப் பூஜ்யம் போட்டுவிடும்.

இந்த மதிப்பெண் முறை ஏதோ கணினி விளையாட்டு மாதிரித் தோன்றலாம், ஆனால் அதற்குப் பின்னால் தார்ச்சாலையின் கணக்கு இருக்கிறது. 30 மைல் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 13 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்த வேகத்தில் வண்டி முழுதாக நிற்க 23 மீட்டர் வேண்டும் என்று ஹைவே கோட் சொல்கிறது, அதில் 9 மீட்டர் நம் மூளை முடிவெடுப்பதற்குள்ளேயே போய்விடுகிறது. ஒரு விநாடி முன்னதாகக் கவனித்தவருக்கும் கவனிக்காதவருக்கும் இடையில் ஒரு குழந்தையின் உயிர் இருக்கலாம். 2002 நவம்பரில் இந்தப் பகுதியைச் சேர்த்தார்கள், அதற்குப் பிறகு புதிய ஓட்டுநர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து செய்த பெரிய ஆய்வு ஒன்றில், தங்கள் மேல் கொஞ்சமாவது தவறு இருந்த விபத்துகள், அதுவும் மெதுவாக ஊர்ந்து போகும்போது நடக்கிற சின்ன உரசல்கள் சேராதவை, சுமார் 11 சதவீதம் குறைந்திருந்தன. ஆகவே இதை ஒரு தடையாக மட்டும் பார்க்காதீர்கள், படித்தால் வாழ்நாளுக்கும் உதவுகிற பாடம் இது.

எது ஆபத்து, எது ஆபத்து இல்லை

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். திரையில் ஐம்பது விஷயம் தெரியும். ஓரமாக நிறுத்திய கார்கள், நடைபாதையில் ஆட்கள், எதிரே பஸ், வளைவு, பள்ளிக்கூடப் பலகை. இவை எல்லாமே ஏதோ ஒரு வகையில் ஆபத்துதான், ஆனால் இவற்றுக்கு மதிப்பெண் இல்லை. உங்கள் வேகத்தையோ திசையையோ மாற்ற வைக்கிற ஒன்றுக்குத்தான் மதிப்பெண். வளரும் ஆபத்து என்று அதை வைத்துக்கொள்வோம். ஓரமாக நிற்கிற வேன் வெறும் வேன். அதன் வலது இண்டிகேட்டர் மின்ன ஆரம்பித்தால் அது வளர ஆரம்பித்துவிட்டது. நடைபாதையில் போகிற பாட்டி வெறும் பாட்டி, அவர் ஸீப்ரா கிராஸிங் பக்கம் உடம்பைத் திருப்பினார் என்றால் க்ளிக்.

நான் கண்டுபிடித்த எளிய வழி ஒன்று இருக்கிறது. திரையில் எதைப் பார்த்தாலும் மனசுக்குள் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும், இதனால் என் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழும்புமா? எழும்பும் என்றால் உடனே விரல் அழுத்த வேண்டும். முதல் தடவை நான் "இது ஆபத்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மதுரையில் பன்னிரண்டு வருடம் ஓட்டியவன் அந்தக் கேள்வியைக் கேட்டால் பாதிக்குப் பாதி "இதெல்லாம் ஒரு ஆபத்தா" என்றுதான் பதில் வரும். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டுவது, முன்னால் போகிற சைக்கிள் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்குவது, ஒருவர் காருக்கு இடையிலிருந்து எட்டிப் பார்ப்பது எல்லாம் மாசி வீதியில் பத்து விநாடிக்கு ஒரு தடவை நடக்கிற காரியம். கண் அதைப் பார்க்கிறது, மனசு பதிவு செய்வதில்லை, காலும் கையும் தானாகச் சமாளித்துவிடுகின்றன. தேர்விலோ அந்த நீட்டிய மூக்குதான் 5 மதிப்பெண்.

இதற்கு நேர் எதிரான தவறும் அனுபவசாலிகளுக்கு உண்டு. வரிசையாக நிறுத்திய கார்களுக்கு நடுவே கீழே இரண்டு கால்கள் தெரிகின்றன, யாரோ வரப்போகிறார்கள் என்று பழகிய கண் உடனே பிடித்துவிடும், விரலும் அழுத்திவிடும். ஆனால் ஜன்னல் அப்போது திறந்திருக்காது. அந்த ஆள் சாலையில் கால் வைக்கிற நேரத்தில்தான் திறக்கும், நாமோ க்ளிக் செய்தாகிவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். எல்லாரையும் விட முதலில் பார்த்தவருக்குப் பூஜ்யம். இதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, ஆனால் விதி அப்படி இருக்கிறது, அதற்கேற்ப அழுத்தப் பழக வேண்டியதுதான்.

எத்தனை க்ளிக்

அந்த வருத்தத்துக்கு மருந்து இதுதான். ஒரு ஆபத்துக்கு ஒரு க்ளிக் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு அல்லது மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தவுடன் ஒன்று. அது அசைய ஆரம்பித்தவுடன், அதாவது கார் நகர்கிறது, ஆள் இறங்குகிறார், பிரேக் விளக்கு எரிகிறது என்றவுடன் இரண்டாவது. உங்கள் வண்டி இப்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் மூன்றாவது. முதல் க்ளிக் ஜன்னலுக்கு முன்னால் விழுந்துவிட்டாலும் இரண்டாவது உள்ளே விழும். ஜன்னலுக்குள் முதலில் விழுந்த க்ளிக்குக்குத்தான் மதிப்பெண், அதற்குப் பின்னால் விழுந்ததால் எதுவும் குறையாது. மூன்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி விட்டு தட் தட் தட் என்று அழுத்தாதீர்கள், திரையில் நடப்பதைப் பார்த்து அழுத்தினால் இடைவெளி தானாகவே ஒழுங்கற்று வரும். ஆபத்தே இல்லாத இடங்களில் "எதற்கும் இருக்கட்டும்" என்று அழுத்துகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், ஒரு கிளிப்பில் மொத்தம் எட்டு, பத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்லது என்பது என் அனுபவம்.

மவுஸின் எந்தப் பொத்தானையும் அழுத்தலாம், திரையில் எங்கே அழுத்துகிறோம் என்பதும் கணக்கில்லை. ஆபத்தைக் குறி வைத்து அம்புக்குறியை நகர்த்திக்கொண்டிருந்தால் அரை விநாடி போய்விடும். சுட்டுவிரலைப் பொத்தான் மேல் வைத்தபடி கையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓட விடுங்கள்.

கண்ணை எங்கே வைப்பது

1972-லேயே மூரண்ட், ராக்வெல் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் ஓட்டுநர்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். புதியவர்களின் பார்வை வண்டிக்குக் கொஞ்சம் முன்னாலேயே, சின்ன வட்டத்துக்குள் சிக்கிக்கொள்கிறது, பழகியவர்கள் தூரத்தையும் இரண்டு பக்கத்தையும் கண்ணாடியையும் துழாவிக்கொண்டே இருக்கிறார்கள். கிளிப்பிலும் அதே வேலைதான். சாலை எங்கே போய் மறைகிறதோ அந்தத் தூரப் புள்ளியிலிருந்து ஆரம்பியுங்கள், அங்கிருந்து இடது நடைபாதை, வலது நடைபாதை, மறுபடி தூரம். ஒரே இடத்தில் ஒரு விநாடிக்கு மேல் தங்காதீர்கள்.

தேட வேண்டியவற்றை நான் தடயங்கள் என்று சொல்வேன், ஏனென்றால் ஆபத்து வருவதற்கு முன்னால் அது ஏதாவது ஒரு அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறது. ஓரமாக நிற்கிற காரின் முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்பியிருந்தால் அது கிளம்பப்போகிறது. ஓட்டுநர் இருக்கையில் தலை தெரிந்தால் கதவு திறக்கலாம். வெள்ளை ரிவர்ஸ் விளக்கு வீட்டு வாசலில் எரிந்தால் அந்த வண்டி பின்னால் வருகிறது. வேனுக்கு அடியில் காலணி. ஐஸ்க்ரீம் வண்டி நின்றால் அதன் அந்தப் பக்கத்தில் குழந்தைகள். பஸ் நிறுத்தத்தில் கடைசி ஆள் ஏறிவிட்டால் பஸ் வெளியே வரும், அதிலிருந்து இறங்கியவர் பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே போவார். சைக்கிள்காரர் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் வலப்பக்கம் வரப்போகிறார், அவருக்கு முன்னால் சாலையில் குழியோ நிறுத்திய காரோ இருந்தால் திரும்பிப் பார்க்காமலேகூட வருவார். எதிரே லாரிக்குப் பின்னால் கார் ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறதா, அது ஓவர்டேக் செய்து உங்கள் பாதைக்கே வரலாம்.

நம் ஊரில் ஓட்டியவர்களுக்கு இடதுபுறம் போவது பழக்கம்தான், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில். இங்கே பழைய தெருக்களில் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்தி நடுவில் ஒரு வண்டி போகிற அகலம்தான் மிஞ்சியிருக்கும். எதிரே ஒரு வண்டி நுழைந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த எதிர் வண்டி தூரத்தில் தெரிகிறபோதே அது வளரும் ஆபத்து. கிராமப்புறச் சாலையில் குதிரை மேல் வருகிறவர்களை நாம் ஊரில் பார்த்ததே இல்லை. அவர்களைக் கடக்கும்போது 10 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தது 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று ஹைவே கோட் சொல்கிறது, ஆகவே குதிரை கண்ணில் பட்டால் வேகம் மாறும், வேகம் மாறினால் க்ளிக். இன்னொன்று, 2022 ஜனவரி 29-லிருந்து, நாம் ஒரு தெருவுக்குள் திரும்பும்போது அந்தத் தெருவைக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழி விட வேண்டும். முன்பெல்லாம் சாலையில் இறங்கியவருக்கு மட்டும்தான். கார் திரும்பப்போகிற கிளிப்பில் முனையில் ஒருவர் நின்றால் அவரை விட்டுவிடாதீர்கள்.

2015-லிருந்து கிளிப்புகளைக் கணினியில் வரைந்துதான் செய்கிறார்கள், பழைய நிஜ வீடியோ இப்போது வராது. மழை, பனி, மூடுபனி, இருட்டு எல்லாம் இருக்கும். இருட்டில் உருவத்தைத் தேடாதீர்கள், வெளிச்சத்தைத் தேடுங்கள். வளைவுக்கு அப்பால் வேலியின் மேல் படுகிற விளக்கொளி, ஈரச் சாலையில் மின்னுகிற பிரேக் விளக்கின் சிவப்பு, இவைதான் முதலில் வரும்.

வீட்டில் பயிற்சி

செயலியில் கிளிப்புகளை வரிசையாக ஓட்டி மதிப்பெண் பார்ப்பது மட்டும் பயிற்சி ஆகாது. நூறு கிளிப் பார்த்தவர்கள் கதையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், அந்தச் சிவப்புக் கார் வெளியே வரும் என்று தெரிந்துகொண்டு அழுத்தி 5 எடுத்துவிட்டு, தேர்வில் புதிய கிளிப்பைப் பார்த்ததும் திணறுகிறார்கள். ஒரு கிளிப்பை இரண்டு தடவைக்கு மேல் மதிப்பெண்ணுக்காகப் போடாதீர்கள். முடிந்ததும் ஜன்னல் எங்கே திறந்தது, என் க்ளிக் எங்கே விழுந்தது என்று காட்டுகிற திரையில் நேரம் செலவழியுங்கள். முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். இருபது கிளிப்பில் உங்கள் பழக்கம் தெரிந்துவிடும். எனக்கு ஏழு முன்னால் விழுந்திருந்தன, நான்கு விழவே இல்லை.

இன்னொரு பயிற்சி, எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டில் ஒருவரை உட்கார வைத்து ஏதாவது ஒரு டேஷ்கேம் வீடியோவை ஓட விட்டு திடீரென்று நிறுத்தச் சொல்லுங்கள், அடுத்து என்ன நடக்கும் என்று நீங்கள் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ஓட விட்டுச் சரி பாருங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது, நிறுத்தியதும் திரையை மூடிவிட்டால் இன்னும் நல்லது, அப்போதுதான் எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவே இல்லை என்பது தெரியும்.

மூன்றாவது, வாய்விட்டுச் சொல்வது. இந்நாட்டுப் போலீஸ் ஓட்டுநர்கள் பயிற்சியில் இதைச் செய்கிறார்கள், வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டு போவார்கள். நீங்கள் ஓட்டவே வேண்டாம், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லலாம், அல்லது இரண்டு அடுக்கு பஸ்ஸில் மேல் தளத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லலாம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும், அதனால் இந்தத் தேர்வு தன்னால் ஆகாது என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் தியரி டெஸ்ட்டைத் தமிழ்க் குரலில் கேட்டு எழுத முடிந்தது, 2014 ஏப்ரல் 7-இலிருந்து வெளிநாட்டு மொழிக் குரல்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். கேள்விப் பகுதிக்கு அது உண்மையிலேயே இழப்பு. ஆனால் கிளிப்புகளில் படிக்க எதுவும் இல்லை, அங்கே வேண்டியது கண் மட்டும்தான். அவரை என் வண்டியில் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழிலேயே சொல்லச் சொன்னேன். முதல் நாள் "கார் நிக்குது, ஆள் போறார்" என்று பார்ப்பதை மட்டும் சொன்னார். நான்காவது நாள் "தம்பி, அந்தப் பிள்ளை போனைப் பாத்துக்கொண்டு வாறா, ரோட்டைப் பாக்கேல்லை, மெல்லப் போங்கோ" என்றார். எனக்கு அந்தப் பெண் கண்ணில் படவே இல்லை. கண்ணில் படுவதைச் சொல்வதிலிருந்து, அது என்ன செய்யப்போகிறது என்று சொல்வதற்கு வந்துவிட்டால் நீங்கள் தயார். எந்த மொழியில் வேகமாக யோசிப்பீர்களோ அந்த மொழியில் சொல்லுங்கள்.

தேர்வு நாளில்

ப்ரொவிஷனல் கார்டு இல்லாமல் போனால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய 23 பவுண்டும் போய்விடும். போன், கைக்கடிகாரம், பை எல்லாம் லாக்கருக்குள். கேள்விப் பகுதி முடிந்ததும் 3 நிமிடம் வரை ஓய்வு எடுத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை, ஆனால் எடுங்கள். 57 நிமிடம் எழுத்தைப் படித்த கண் அப்போது கிட்டப் பார்வையில் உறைந்து போயிருக்கும், அறையின் தூரத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலே கொஞ்சம் இளகும். பிறகு கிளிப் எப்படி இருக்கும் என்று விளக்குகிற ஒரு சின்ன வீடியோ ஆங்கிலத்தில் வரும், அது புரியாவிட்டாலும் மேலே சொன்னது தெரிந்தால் போதும்.

ஒரு கிளிப் ஆரம்பிப்பதற்கு முன்னால் கிடைக்கிற சில விநாடிகளில் முதல் காட்சியைப் பாருங்கள். வீதியா, கிராமமா, மோட்டார்வேயா, வெயிலா மழையா என்று தெரிந்தால் எந்தத் தடயத்தைத் தேட வேண்டும் என்பதும் தெரியும். கிளிப்பைத் திரும்பப் பார்க்க முடியாது, ஒன்றில் தவறவிட்டது தெரிந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். 75-க்கு 44 என்றால் ஒரு ஆபத்துக்குச் சராசரியாக 3 கூட வேண்டியதில்லை, இரண்டு மூன்று கிளிப்பில் பூஜ்யம் வந்தாலும் தேறலாம். போன கிளிப்பை நினைத்துக்கொண்டு அடுத்ததைக் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் 42, 43-இல் நிற்கிறார்கள்.

இரண்டாம் தடவை எனக்கு 58 வந்தது, அக்காவுக்கு முதல் தடவையிலேயே 52. தேறவில்லை என்றால் அடுத்த தேர்வுக்கு குறைந்தது 3 வேலைநாள் இடைவெளி விட வேண்டும், அவசரப்பட்டு அந்த வாரமே போகாமல் உங்கள் க்ளிக்குகள் முன்னால் விழுகின்றனவா பின்னால் விழுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போங்கள். தேறிவிட்டால் கொடுக்கிற எண்ணைப் பத்திரமாக வையுங்கள், அது 2 வருடம் செல்லும். அதற்குள் ப்ராக்டிகல் தேறாவிட்டால் தியரியை முதலிலிருந்து எழுத வேண்டும். ப்ராக்டிகலுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகிற இடங்கள் இருக்கின்றன, அதனால் தியரி தேறிய அன்று சாயங்காலமே தேதி தேட உட்கார்ந்துவிடுங்கள்.